பாய்லர் புகையும் ஒரு லிட்டர் ஆக்சிஜனும்

அம்மாவின் வாக்கியங்கள் சுருங்கி வந்ததை எங்கள் வீட்டில் யாரும் நோய் என்று எண்ணவில்லை. அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததைச் சொல்லத் தொடங்கினால் பந்தியில் வைத்த அவியல் வரைக்கும் வந்துதான் நிறுத்துவாள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, "போனோம். சாப்ட்டோம். வந்தோம்" என்று ஆனது. வயசாகிறது, அலுப்பு என்று நினைத்துக்கொண்டோம்.

மற்ற அறிகுறிகளும் எங்கள் கண் முன்னால்தான் இருந்தன. துணியை உதறாமல் கொடியில் போட்டாள். இரண்டு தலையணை மூன்றானது. புனேயில், கசார்வாடியில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. காய்கறிப் பையோடு ஏறும்போதெல்லாம் இரண்டாம் மாடியில் மங்கலா காகூ வீட்டு வாசலில் நின்று பேசுவாள். காகூ என்றால் மராத்தியில் சித்தி. இருபது வருடத்துக்கு மேல் எங்களுக்குக் கீழே குடியிருக்கும் மராத்திக்காரப் பெண்மணி. பின்னால் ஆஸ்பத்திரியில் என்னிடம் அவர் சொன்னார்: "என்கூடப் பேசத்தான் நிக்கிறான்னு இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."

நான் கருவியியல் படித்தவள். ஹிஞ்சேவாடியில் ஒரு நிறுவனத்தில், ஆலைகளில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கண்காணிக்கும் மென்பொருளை எழுதுகிறேன். ஒரு குழாயில் ஓட்டம் குறைந்தால் எச்சரிக்கை அடிக்க வேண்டும் என்று நாள் முழுக்க யோசிக்கிற வேலை. அம்மாவுக்குத் தெருமுனை டாக்டர் 'தூசி அலர்ஜி' என்று எழுதிக் கொடுத்த மாத்திரையை மாதாமாதம் நான்தான் வாங்கி வந்தேன்.

நெஞ்சு நோய் டாக்டரிடம் போனது ஒரு மழைக்கால முடிவில். காத்திருக்கும் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் வீட்டில் டி.வி. பார்க்கும்போது அப்படித்தான் உட்கார்வாள் என்பது அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. அப்படி ஊன்றிக்கொண்டால் தோள் தசைகள் மூச்சுக்கு உதவும். யாரும் சொல்லித்தராமலே உடம்பு கண்டுபிடித்துக்கொள்கிற வழி.

டாக்டர் நடுவயதுப் பெண். ஹிந்தியில் கேட்டார்.

"வீட்டில் யார் சிகரெட், பீடி?"

"யாருமில்லை" என்றார் அப்பா, கொஞ்சம் கோபமாகவே.

"மூக்குப்பொடிகூடக் கெடையாதுன்னு சொல்லுட்டி" என்றாள் அம்மா என்னிடம்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "குளிக்கிற தண்ணியை எதுல காய்ச்சுறீங்க?"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மராத்தி வீடுகளில் அதை பம்ப் என்பார்கள். நாங்கள் பாய்லர் என்போம். இடுப்பளவு உயரச் செம்பு உருளை. நடுவில் ஒரு குழல், அடியில் தீ. குழலைச் சுற்றி நிற்கும் தண்ணீர் சூடாகும், புகை குழல் வழியாக மேலே போகும். மேலே என்றால் எங்கள் வீட்டில் குளியலறைக் கூரைக்கு. அங்கே ஒரு சாண் ஜன்னல். அம்மாவுக்கு ஊரில் வெந்நீர்ப் பழக்கமே கிடையாது. கல்யாணமாகிப் புனேக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அப்பா அதைச் செம்புக்காரர் கடையில் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தாராம். அம்மாவுக்கு அதன்மேல் பெருமை. வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்த்து வாசலில் காயவைப்பாள்.

எரிக்க என்ன? அதையும் அப்பாதான் கொண்டுவருவார். அவர் நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் கேஸ் வெல்டர். மெஷின்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளின் பலகை, எண்ணெய் துடைத்துப் போட்ட பஞ்சுக் கழிவு எல்லாம் அங்கே இலவசம். சாக்கில் கட்டி மாடிக்கு ஏற்றுவார். எண்ணெய்ப் பஞ்சு வைத்தால் ஒரே குச்சியில் பற்றிக்கொள்ளும் என்று அம்மா காகூவிடம் சொல்லிக் கொஞ்சம் கொடுப்பதும் உண்டு. விடியும்முன் எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எங்களுக்குப் புகை வராமல் அவள் ஊதுவாள். நான் பள்ளிக்கும் அப்பா பட்டறைக்கும் வெந்நீரில் குளித்துவிட்டுப் போனோம்.

"எத்தனை வருஷம்?" என்று டாக்டர் கேட்டார்.

"இவ வயசவிடக் கூட" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

அடுத்த அறையில் ஊதும் சோதனை. ஒரு குழாயை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊத வேண்டும். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, மொத்தம் எவ்வளவு வருகிறது என்று கருவி அளக்கும். பக்கத்தில் நின்ற பையன் "அவுர், அவுர், அவுர்" என்று, இன்னும் ஊதச் சொல்லி, ஹிந்தியில் கத்திக்கொண்டே இருந்தான்.

"பிரசவத்துலகூட என்னைய யாரும் இப்பிடி வெரட்டல" என்றாள் அம்மா, மூச்சு வந்த பிறகு.

பிறகு இன்ஹேலரில் மருந்தை உறிஞ்சவைத்து, சற்று நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார்கள். ஆஸ்துமா என்றால் இரண்டாம் முறை பெரும்பாலும் நன்றாகவே தேறும். அம்மாவின் கோடு ஏறக்குறைய அதே இடத்தில் கிடந்தது. கோடுகளைப் படிப்பது என் தொழில். ஏறாத கோட்டைப் பார்த்ததும் டாக்டர் பேசுவதற்கு முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

நோயின் பெயர் சி.ஓ.பி.டி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று தமிழில் சொல்லலாம். டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நுரையீரலுக்குள் காற்றுக் குழல்கள் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் கோடிக்கணக்கான சிறு பைகளில் முடிகின்றன. வருடக்கணக்கில் புகை பட்டால் குழல்கள் வீங்கிக் குறுகிச் சளி கட்டும். பைகளின் சுவர்கள் கிழிந்து, பழைய ஜட்டி எலாஸ்டிக் போலத் தொய்ந்துவிடும். உள்ளே போன காற்று வெளியே வராது. பழைய காற்று அடைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் புதுக்காற்றுக்கு இடமில்லை.

"மூச்சு வாங்க முடியலைன்னு நினைக்கிறீங்க. நிஜத்துல உங்களால விட முடியலை" என்றார் டாக்டர்.

"போனது திரும்ப வருமா?" என்று அப்பா கேட்டார்.

"வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

அன்று சாயங்காலமே அப்பா பாய்லரைப் பிடுங்கிப் பரணில் ஏற்றினார். சாக்கில் மிச்சமிருந்த பலகையைக் கீழே கொண்டுபோய்த் தெருவில் வைத்தார். திரும்பி வருவதற்குள் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

உறிஞ்சு மருந்து, வாயைக் குவித்து மெல்ல ஊதி மூச்சுவிடும் பயிற்சி, தடுப்பூசி என்று ஒரு வருடம் சமாளித்தோம். உதட்டைக் குவித்தால் குழல்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் கொஞ்சம் கூடுதலாகக் காற்று வெளியேறும். அம்மா சீட்டியடிக்கிற மாதிரி ஊதுவாள். "இந்த வயசுல சீட்டியடிக்க வச்சிட்டியளே" என்று அப்பாவைக் கேலி செய்வாள். அடுத்த குளிரில் நெஞ்சில் சளி இறங்கியது. அவள் உதடுகள் கத்திரிக்காய்த் தோல் நிறத்துக்கு வந்தபோது ஆட்டோ பிடித்தோம்.

பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில். மூக்கில் இரண்டு முனை கொண்ட ரப்பர் குழாய். அது சுவரில் பதித்த ஒரு கண்ணாடிக் குழலில் போய் முடியும். அதனுள்ளே ஒரு சின்னக் குண்டு மிதக்கும். குமிழைத் திருப்பினால் குண்டு ஏறும், இறங்கும். அது ஒன்று என்ற கோட்டில் நின்றால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆக்சிஜன் போகிறது என்று அர்த்தம். விரலில் ஒரு கிளிப். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சிவப்பு எண்ணில் காட்டும். அம்மாவுக்கு எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்குள் இருந்தால் போதும் என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

பகலில் அப்பா இருப்பார். ஓய்வு பெற்றுவிட்டார். வேலை முடிந்து கம்பெனி வண்டியில் நெரிசலில் ஊர்ந்து வந்து நான் அவரை விடுவிப்பேன். காகூ தினமும் குழைந்த பாசிப்பருப்புக் கிச்சடி அனுப்பினார். அதில் அம்மாவுக்காகத் தேடிப்பிடித்து வாங்கிய நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு இருக்கும். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் முறைவைத்து வந்து மருந்துக்கடை வரிசையில் நின்றார்கள். அம்மா தூங்கவில்லை. படுத்தால் திணறும், உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். எங்கள் மூவருக்கும் அந்த வாரம் இருந்த ஒரே ஆசை அவள் கொஞ்சம் தூங்க வேண்டும் என்பதுதான்.

அப்பாவுக்கு அந்தக் குண்டு பிடிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரோடு புழங்கியவர் அவர். கைக்குட்டையால் கண்ணாடிக் குழலைத் துடைப்பார், குனிந்து பார்ப்பார்.

"இதுல ஒரு பீடி பத்தவைக்கிற தீகூட வராது" என்று என்னிடம் ஒருமுறை முணுமுணுத்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் முன்னதாகவே வந்தேன். வார்டு வாசலிலேயே அப்பா உதட்டில் விரல் வைத்தார். முகம் மலர்ந்திருந்தது. "சத்தங்காட்டாத. தூங்குதா."

அம்மா உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னங்கள் சிவந்து, நெற்றியில் மெல்லிய வியர்வையோடு, கல்யாணப் படத்தில் இருப்பவள் மாதிரி. காகூ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "எவ்வளவு அழகாயிட்டா பாரு" என்று கிசுகிசுத்தார். கிளிப்பில் தொண்ணூற்றொன்பது. எனக்கும் அந்த எண்ணைப் பார்த்து நெஞ்சு லேசானது.

காகூ கிச்சடி டப்பாவை எடுத்ததும் நான் அம்மாவைத் தொட்டு எழுப்பினேன். எழவில்லை. தோளை அசைத்தேன். கண்ணைப் பாதி திறந்தாள்.

"பாய்லர்ல தண்ணி கொதிச்சிட்டு" என்றாள். "அவியள குளிக்கச் சொல்லு."

காகூ சிரித்தார். "தூக்கக் கலக்கம்."

தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தேன். பிடித்த கை, யாரோ தட்டிவிட்டதுபோல் மணிக்கட்டில் வெட்டி வெட்டி விழுந்தது. தண்ணீர் போர்வையில் சிந்தியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. மறுபடி கண் செருகியது. அப்போதுதான் இன்னொன்றும் கவனித்தேன். இத்தனை நாள் அடுத்த கட்டில்வரை கேட்ட மூச்சிரைப்பு இப்போது கேட்கவில்லை. நெஞ்சு அபூர்வமாகத்தான் ஏறியது.

தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன். குண்டு உச்சிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்பா, இத யாரு கூட்டினா?"

"நாந்தான். காலைல இருந்து எப்பிடி உறங்குதா, பாரு."

நான் நர்ஸை அழைக்க ஓடினேன். நர்ஸோடு வந்த இளம் டாக்டர் முதலில் சுவருக்குத்தான் போனார். முழுக்க மூடவில்லை, ஒன்றுக்கு இறக்கினார். அம்மாவின் பெயரைச் சொல்லி உரக்க அழைத்தார், விழிக்கவைக்க நெஞ்செலும்பில் மடக்கிய விரல் முட்டிகளால் அழுத்தினார். மணிக்கட்டுத் தமனியில் ஊசி வைத்து ரத்தம் எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடினார். காகூ கிச்சடி டப்பாவை மார்போடு பிடித்தபடி சுவரோரம் நின்றார்.

அந்த ரத்தச் சோதனை எதற்கு என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். விரல் கிளிப் ஆக்சிஜனை மட்டுமே காட்டும். மூச்சில் வெளியேற வேண்டிய கரியமில வாயு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தமனி ரத்தம்தான் அதைச் சொல்லும். நோய் முற்றிய சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மேல் கொடுத்தால் கரியமில வாயு ஏறத் தொடங்கும். அது மயக்க மருந்து மாதிரி. முகம் சிவக்கும், கை உதறும், பேச்சு குழறும், சுகமாகத் தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தில் மூச்சு தேய்ந்துகொண்டே போகும். கிளிப்பில் எண் அழகாகவே இருக்கும்.

அந்தக் கிளிப் எண்பத்தைந்துக்குக் கீழே போனால் கூவும். மேலே போனால் கூவாது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு அளவுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை என்று இரண்டு உண்டு. ஒன்று விட்டுப்போனால் திட்டத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மாவின் மேல் எல்லை ஒரு அட்டையில் எழுதித் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எங்களுக்குக் குறைவைக் கண்டுதான் பயப்படத் தெரியும்.

அம்மாவை மேல்மாடித் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள். முகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஒரு மாஸ்க். உள்ளே இழுக்கும்போது பலமாகவும் வெளியே விடும்போது மெல்லவும் காற்றைத் தள்ளி, தேங்கிய வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும் எந்திரம். இதற்கு இசையாவிட்டால் தொண்டையில் குழாய் போட வேண்டும், அதன்பிறகு எடுக்க முடியுமா என்று சொல்வதற்கில்லை என்றார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அப்பா வெளியே பெஞ்சில் உள்ளங்கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்கப்பா" என்றேன்.

"சொன்னாவ. அந்த நர்ஸம்மா ரெண்டு தடவ சொன்னா, தொடாதீங்கன்னு." உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "பட்டறையில மொதலாளி சொல்லுவாருல்லா, கேஸ மிச்சம் புடிங்கப்பா, கொறச்சு வைங்கப்பான்னு. நாங்க அவரு அங்கிட்டுப் போனதும் கூட்டிக்கிடுவோம். இவனுவளும் மிச்சம் புடிக்கானுவன்னு நெனச்சிட்டேன்."

எனக்குப் பலகைச் சாக்கு நினைவுக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்.

மாஸ்க் வேலை செய்தது. அம்மாவுக்கு நினைவு தெளிந்தது. சாப்பிடுவதற்காகச் சற்று நேரம் அதைக் கழற்றியபோது மூக்கின்மேல் தோலுரிந்து ரத்தக் கோடு இருந்தது. நடந்ததை நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நல்லா உறங்குனேன்" என்றாள். கொஞ்சம் மூச்செடுத்துக்கொண்டாள். "அவியள ஏசாத."

"ஏசலம்மா."

"டாக்டர் ஏசுனாரோ?"

"ஏசினாரு."

"ஏசட்டும்" என்றாள். "அப்பத்தான்... அவிய மனசாறி... சாப்பிடப் போவாவ."

பில்லுக்கு என் சேமிப்பும் அப்பாவின் ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கும் போயின. வீட்டுக்கு வரும்போது கூடவே வாடகைக்கு ஒரு எந்திரமும் வந்தது. சுற்றியுள்ள காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பெட்டி, பழைய பிரிட்ஜ் போல உறுமும். நாளின் பெரும்பகுதி அம்மா அதோடு இணைந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர்.

வந்த மறுநாள் அப்பா பழைய பட்டறைக்குப் போய்விட்டு ஒரு பித்தளைக் கவ்வியோடு திரும்பினார். தானே அரத்தால் ராவிச் செய்தது. பெட்டியின் குமிழ்மேல் அதை மாட்டி, அதிலும் இருந்த குண்டு ஒன்று என்ற கோட்டில் நிற்கும்படி முடுக்கினார். இனிக் குமிழ் திரும்பாது. கவ்வியைக் கழற்றும் சின்னச் சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ வச்சுக்கோ. எங்க வச்சிருக்கன்னு எங்கிட்டச் சொல்லாத."

வீட்டில் இந்த நோய் உள்ளவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். வாங்கிய உறிஞ்சு மருந்தைச் சரியாக உறிஞ்சுகிறார்களா என்று டாக்டர் முன்னால் செய்துகாட்டச் சொல்லுங்கள். அம்மா பல மாதம் நாக்குக்குத்தான் மருந்து கொடுத்திருக்கிறாள். சளியின் நிறம் மாறினால் காத்திருக்காதீர்கள். காலையில் தலைவலி, பகலில் விழிக்க முடியாத தூக்கம், உதறும் கை, இவை கரியமில வாயு தேங்குவதன் அறிகுறி, ஓய்வு அல்ல. ஆக்சிஜன் ஒரு மருந்து. எந்த மருந்தையும்போல அதற்கும் அளவு உண்டு. விடாமல் நடக்கச் சொல்லுங்கள், நான்கடி என்றாலும்.

இதையெல்லாம் நாங்கள் செய்கிறோம். ஆனாலும் ஊதும் சோதனையின் கோடு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாழ்ந்துதான் வருகிறது. மெதுவாக இறங்குவதே இப்போது நல்ல செய்தி.

இந்த வருடக் குளிர் நேற்று தொடங்கியது. எனக்கு முன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. புகை வாசனை வருவதற்கு முன்பே அவள் எழுந்து உட்கார்ந்து முழங்காலில் கை ஊன்றியிருந்தாள். காகூ எங்களுக்காகத் தன் வீட்டு பம்பை நிறுத்திவிட்டு கேஸுக்கு மாறிவிட்டார். ஆனால் பின்பக்கம் வரிசை வரிசையாகத் தகரக்கூரை வீடுகள். விடிகிற வேளையில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சாம்பல் நூல் எழும்பி, காற்றில்லாத வானத்தில் ஒன்றாகக் கலந்து, எங்கள் மாடி உயரத்தில் படுத்துக்கிடந்தது. அப்பா ஈரத்துண்டுகளால் ஜன்னல் இடுக்குகளை அடைத்துக்கொண்டு அறை அறையாகப் போனார்.

"எத்தன... ஓட்டையத்தான்... அடைப்பீய" என்றாள் அம்மா. ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு.

நெபுலைசரில் மருந்துப் புகை கொடுத்தேன். கிளிப் எண்பத்தெட்டு, எண்பத்தேழு, மறுபடி எண்பத்தெட்டு என்று காட்டியது. டாக்டரிடம் போனில் பேசினேன். ஆக்சிஜன் அளவை மாற்ற வேண்டாம், மருந்தை மறுபடியும் கொடுங்கள், எண் இறங்கினால் அழைத்து வாருங்கள் என்றார்.

அப்பா எந்திரத்தின் முன்னால் வந்து நின்றார். கவ்வியைப் பார்த்தார். அம்மாவின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்குவதைப் பார்த்தார்.

"கொஞ்சம் கூட்டலாமா?"

"கூடாதுப்பா."

"அரை?"

"கூடாது."

தலையசைத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அம்மா உதட்டைக் குவித்து நீளமாக ஊதினாள். அடுத்த மூச்சை எடுத்தாள். அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்தக் கைய... இங்கன குடுங்க... சும்மாத்தான... இருக்கு."